ஊர்க்கட்டும் ஒருவர் உரிமையும்

சித்திரைத் திருவிழாவில் ராமநாதபுரம் மாவட்டத்து மாரியூர்க் கடற்கரையில் வலைவீசும் படலம் நடக்கும். அதன் கதையில், வலைகளையெல்லாம் கிழித்துத் திரியும் சுறாவை ஊரில் எவராலும் அடக்க முடியவில்லை. இறைவனே வலைஞராக வந்து அதைப் பிடிக்கிறார். பூவேந்தியநாதர் கோயிலின் இந்த விழாவைக் காணச் சுற்றுவட்டாரமே திரளும். பழைய கதைதான். ஆனால் அதற்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. ஊர் தன்னைத் தானே ஆண்டுகொள்ள முடியுமா? முடியுமென்றால், வெளியிலிருந்து ஒரு பெரிய கை எதற்கு, எப்போது வேண்டும்?

இந்தக் கேள்விக்கு இதே கடலில் பாசி எடுக்கும் பெண்கள் பாதி விடை சொல்லியிருக்கிறார்கள். மன்னார் வளைகுடாப் பாறைகளில் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் விளைகின்றன. பாறை கீறாமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டி, மூச்சை அடக்கி மூழ்கிப் பறிக்கிற வேலை அது. 1986-இல் இங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. தாயும் பாட்டியும் போய்வந்த இடம், மகளுக்குத் தடைசெய்யப்பட்ட இடமாயிற்று. பெண்கள் பிடிபட்டார்கள், படகுகள் பறிமுதலாயின.

இந்த நெருக்கடியில் அந்தப் பெண்கள் கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது. அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள். இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது. அடிப்பகுதி பாறையில் நின்றால்தான் அடுத்த முறை துளிர்க்கும் என்பது அவர்கள் கை அறிந்த பாடம். மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு தருவது. இவர்களை ஒருங்கிணைத்த பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டுச் சூழலியல் விருது கிடைத்தது.

பொதுச்சொத்தை மனிதர்கள் சுரண்டி அழித்தே தீருவார்கள் என்று 1968-இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதினார். அப்படியானால் அதைத் தனியார் கையிலோ அரசின் கையிலோ கொடுப்பதைத் தவிர வழியில்லை என்றாகிறது. ஆனால் அரசியல் அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் உலகெங்கும் மீன்பிடித் துறைகளையும் பாசனக் கால்வாய்களையும் ஆராய்ந்து, மக்களே விதி வகுத்துக் காத்த இடங்கள் ஏராளம் என்று காட்டினார். 2009-இல் பொருளாதார நோபல் பெற்றார். பயனும் இழப்பும் தனக்கே என்று அறிந்தவர் போட்ட விதிக்குக் காவலர் தேவையில்லை. பக்கத்தில் மூழ்குகிறவரின் கண்ணே காவல்.

இத்தோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மையே சொன்னதாகும். ஊர்க்கட்டுப்பாடு என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு முகமும் உண்டு. சாதி மீறி மணந்தவரை ஒதுக்கி வைத்ததும், தலித் மக்களுக்குப் பொதுக் கிணற்றையும் தெருவையும் மறுத்ததும் ஊர்க்கட்டுத்தான். அவற்றுக்கும் ஊர் கூடித்தான் முடிவெடுத்தது. காந்தி கிராம சுயராஜ்யத்தைக் கனவு கண்டார். அம்பேத்கரோ 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசமைப்பு வரைவு கிராமத்தை விட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதே மகிழ்ச்சி என்றார். ஊரின் கையில் அடிபட்டவருக்குத்தான் அந்த மகிழ்ச்சியின் பொருள் விளங்கும்.

பாசிப் பெண்களின் கட்டு, சாதிக்கட்டு இரண்டுமே ஊர் தானாக விதித்த கட்டுப்பாடுகள். வேறுபாடு எங்கே? பாசிப் பெண்கள் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். சாதிக்கட்டில், கட்டுகிற கை ஒருவருடையது, கட்டப்படுகிற கை வேறொருவருடையது. விதிக்குக் கட்டுப்படுகிறவர் அந்தக் கூட்டத்தில் சமமாக உட்கார்ந்தாரா, அஞ்சாமல் மறுத்துப் பேச முடிந்ததா என்பதே உரைகல். மீனவர் ஊர்க்கூட்டங்களில் நெடுங்காலம் ஆண்களே அமர்ந்தார்கள் என்பதை நினைத்தால், பெண்கள் தங்களுக்கென்று கூடி முடிவெடுத்ததன் அருமை புரியும்.

அரசு வேண்டிய இடமும் இங்கிருந்தே தெரிகிறது. எந்தப் பாறையில் எத்தனை கைப்பிடி பறிக்கலாம் என்பது மூழ்குகிறவருக்குத் தெரியும். அதை அவரிடம் விடலாம். ஆனால் கரையோரம் புகுந்து அடிமண்ணோடு வாரும் விசைப்படகை எந்த ஊர்க்கூட்டமும் தனியே நிறுத்த முடியாது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுக்கே என்று 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வகுத்தது இதற்காகத்தான். வலையைக் கிழிக்கும் சுறா அந்த விசைப்படகுதான். அதேபோல் ஊரே ஒருவரைத் தள்ளி வைக்கும்போது, அந்த ஒருவருக்கு அரசைத் தவிர வேறு துணையில்லை. ஊர்விலக்கத்தைக் குற்றமாக்கும் சட்டத்தை மகாராஷ்டிரச் சட்டமன்றம் 2016-இல் நிறைவேற்றியது. அத்தகைய காப்பு எல்லா மாநிலத்திலும் இருக்கவேண்டும்.

வெளியிலிருந்து வரும் பலவானைத் தடுப்பதும், உள்ளே ஒதுக்கப்படும் ஒருவரைக் காப்பதும் அரசின் கடமை. மற்றதை மக்கள் கூடிப் பேசட்டும். ஆனால் அந்தக் கூட்டத்தில் கடைசி ஆளுக்கும் பாய் விரித்திருக்க வேண்டும். அது இல்லாத ஊர்க்கட்டு எவ்வளவு பழையதானாலும் அறமாகாது.