அன்பும் அனுமதியும்

'ஒன்றும் செய்யாது, பயப்படாதீங்க!' தாம்பரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கிறவர்களுக்கு இந்த வாசகம் மனப்பாடம். சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ ஒரு வீட்டுக் கேட்டைத் திறக்கிறோம். நாய் ஓடி வந்து முன்னங்கால் இரண்டையும் நம் மார்பில் வைக்கிறது. பின்னால் சாவகாசமாக வரும் சொந்தக்காரர் இந்த அபய வாக்கை அருளுகிறார். இதில் ஒரு தர்மப் பிரச்சினை இருக்கிறது என்றால் நாய்ப் பிரியர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கேட்கட்டும்.

முதலில் நாயின் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அது தாவுவது அகம்பாவத்தினால் அன்று. இரை தின்று திரும்பும் தாயின் வாயை ஓநாய்க் குட்டிகள் நக்கும்; தாய் விழுங்கி வந்ததைக் கக்கிக் கொடுக்கும். அந்த ஆதிப் பசிதான் நாயினத்தில் வரவேற்பாக மிஞ்சியிருக்கிறது. நம் முகத்தைத் தேடித்தான் அது எழும்புகிறது. முகம் ஐந்தடி உயரத்தில் இருப்பது அதன் குற்றமா?

குற்றம் வளர்க்கிற முறையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லுங்கியோடு சாய்ந்திருக்கும் எஜமானர், நாய் தாவினால் கொஞ்சுகிறார். திங்கட்கிழமை காலை வெளுத்த சட்டையோடு, 1931 முதல் ஓடும் அந்தக் கடற்கரை மின்சார ரயிலைப் பிடிக்கப் புறப்படுகையில், அதே நாய் அதே அன்போடு தாவினால் முழங்காலால் இடிக்கிறார். சட்டைக்குச் சட்டை மாறும் சட்டத்தை எந்தப் பிராணி புரிந்துகொள்ளும்? எப்போதாவது கிடைக்கும் பரிசே பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்யும் என்று ஸ்கின்னர் முதலிய உளவியலார் சோதித்துக் கண்டார்கள். பத்து முறை திட்டிப் பதினோராம் முறை தடவிக் கொடுப்பவர், தாவுவதைத்தான் கற்பிக்கிறார்.

மாற்றும் வழி எளியது, பொறுமைதான் அரியது. தாவினால் பேசாமல், தொடாமல், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். தள்ளினால் அதற்கு அதுவும் விளையாட்டு. நான்கு காலும் தரையில் பட்ட கணமே குனிந்து கொஞ்ச வேண்டும். உட்கார்ந்து வரவேற்றால் ஒரு துண்டு பிஸ்கோத்து. வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நியதி; விருந்தாளி வருகையில் கழுத்துப் பட்டையில் கயிறு. முதலில் சில நாள் தாவல் அதிகமாகும். திறக்காத பூட்டில் சாவியை நாமும் பலமாகத்தானே திருகுகிறோம்?

என்னை உறுத்துவது இதற்கு அப்பால் இருக்கிறது. மேலதிகாரி வருகிறார் என்றால் நாயை முன்கூட்டியே கொல்லையில் கட்டிவிடுகிறார்கள். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்காகக் கட்டுவதில்லை. எங்கள் தெருவில் ஒருத்தி சுவரோடு ஒட்டி நின்று, முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். 'பழகின நாய்தானே, சார்' என்றாள். அவள் கை மட்டும் முந்தானையை விடவில்லை. அந்தச் சிரிப்பு சம்மதமா? சம்பளம் கொடுக்கிற வீட்டில் 'நாயைக் கட்டுங்கள்' என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்?

பயம் கோழைத்தனமும் அன்று. பாஸ்டர் 1885-இல் வெறிநாய்க் கடிக்குத் தடுப்பூசி போட்டுக் காட்டினார். குன்னூரில் 1907-லேயே அதற்கென ஒரு நிலையம் தோன்றியது. இருந்தும், நோய்க்குறி கண்டுவிட்டால் இன்றும் அநேகமாக மரணந்தான். வழவழப்பான தரையில் சாயும் கிழவருக்கு இடுப்பெலும்பு போகும். மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த நாய் புலி. 'ஒன்றும் செய்யாது' என்பது நாயைப் பற்றிய உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நம் பிரியத்தின் செலவை அடுத்தவர் கணக்கில் எழுதுவது நாயின் காரியம் அல்லவே!

'கட்டுப்படுத்தினால் அதன் அன்பு குன்றாதா?' என்று ஒரு நண்பர் கேட்டார். பழக்காவிட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். குட்டியாய்த் தாவியபோது கைதட்டிய அதே வீடு, வளர்ந்தபின் அதை நாள் முழுதும் சங்கிலியில் போடுகிறது; சில வீடுகள் தெருவில் விடுகின்றன. கேப்டன் சுந்தரம் 1959-இல் புளூ கிராஸைத் தொடங்கிய நகரம் இது. கருணை நமக்குப் புதிதன்று. கருணைக்குள் கற்பித்தலும் அடக்கம்.

பழக்கிய நாயின் அன்பில் ஓர் அணுவும் குறைவதில்லை. வந்தவர் முன் உட்கார்ந்து, வாலால் தரையைப் பெருக்கிக்கொண்டு, அண்ணாந்து பார்க்கிறது. 'வரலாமா?' என்று கேட்கிற பார்வை அது. வேண்டாம் என்று சொல்ல வந்தவருக்கு இடம் இருக்கிறது. இத்தனை இடம் கொடுக்கிற அன்பு மனிதர்களிடமும் அபூர்வந்தான்.