வறுமைக்காகப் பிள்ளையைப் பிரிக்கலாமா?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, பல பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்தார்கள். அதனால் பிழைத்தார்கள். திரும்பிப் போக வீடில்லை. சிலருக்குப் பெற்றவர்களும் இல்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்து லயங்கள் இடிந்தன. இப்படி ஒரு பேரிடர் வந்தால்தான், பெற்றவர் பார்க்க முடியாத பிள்ளையை யார் பார்ப்பது என்று ஊர் கேட்கிறது.

ஆனால் தோட்டத்துப் பிள்ளை சிறுவர் இல்லத்துக்குப் போவது பெரும்பாலும் மண்சரிவால் அல்ல. அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருப்பாள். அப்பா குடிப்பார். அம்மாயிக்குக் கண் தெரியாது. கொழுந்துக் காசு கடைக் கடனுக்கே போய்விடும். இலங்கையின் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றவர்களில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். அவர்களை அநாதைகள் என்று நினைத்துத்தான் நாம் உதவுகிறோம்.

இல்லத்துக்குச் சார்பான நியாயத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மூன்று வேளைச் சோறு, படிக்க வெளிச்சம், சாதாரண தரப் பரீட்சை வரை தடையில்லாத பாடசாலை: ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கும் லயத்தில் இவை கிடைப்பது அரிது. கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தாய் பிள்ளையைக் கைவிடவில்லை. தன்னால் தர முடியாததை இன்னொரு இடத்தில் தேடுகிறாள்.

அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு வேறு வழி வைக்காதவர்களைக் கேட்கத்தான் வேண்டும். வறுமை மட்டுமே பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் காரணம் ஆகக்கூடாது என்று 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் சொல்கின்றன. இலங்கையின் 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டத்திலேயே, பிள்ளையை உறவினர் போன்ற தகுந்த ஒருவர் பொறுப்பில் விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. ஆக, சட்டம் பெரியம்மாவையும் சித்தியையும் ஒதுக்கவில்லை. இல்லத்துப் பிள்ளைக்குக் கட்டடம், கட்டில், சீருடை எல்லாவற்றுக்கும் நன்கொடை வருகிறது. அதே பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கும் சித்திக்கு மாதம் ஒரு மூட்டை அரிசி தர யாரும் வருவதில்லை. இதுதான் இந்த விடயத்தில் உள்ள அநீதி.

குடும்பம் என்ற பெயருக்காக ஆபத்தில் இருக்கும் பிள்ளையை அங்கேயே விட்டுவைப்பதும் அதே அளவு தவறு. அடியும் பாலியல் வன்முறையும் உள்ள வீட்டிலிருந்து பிள்ளையை அன்றைக்கே எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது போக ஒரு நல்ல இல்லம் இருந்தாக வேண்டும். ஆகவே இல்லங்களை மூடுவதல்ல வழி. வறுமைப்பட்ட பிள்ளைகளால் அவற்றை நிரப்பாமல், தேவைப்படும் பிள்ளைக்கு அவற்றைத் தகுதியாக்க வேண்டும்.

தகுதி எதில் இருக்கிறது? ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளையும் தளர்நடைப் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்தது. வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள், கூடுதலாகத் தேறினார்கள். நிலைத்த ஒரு முகம் பிள்ளைக்கு அத்தனை அவசியம். எனவே இல்லத்தின் தரத்தைச் சுவரின் வண்ணத்தில் பார்க்கக்கூடாது. இரவில் அழும் பிள்ளையிடம் போகும் அந்த அக்கா அடுத்த வருடமும் அங்கே இருப்பாளா என்று பார்க்க வேண்டும். குறைந்த சம்பளத்தில், ஓய்வு நாள் இல்லாமல், இருபது பிள்ளைகளைத் தனியாகச் சமாளிப்பவளிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவளுக்குப் பயிற்சியும், மனம் விட்டுப் பேச ஒரு மூத்தவரும் வேண்டும். கைநீட்டினால் தட்டிக்கேட்கும் மேற்பார்வையும் கூடவே வேண்டும்.

இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை, அதிகாரிகள் ஒப்படைத்த பிள்ளையின் நிலையைக் காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்யச் சொல்கிறது. இந்த மீளாய்வுக்காக ஊவா மலைகளில் நன்னடத்தை உத்தியோகத்தரின் வாகனம் எத்தனை தோட்டங்களுக்குத்தான் ஏறும் என்று கேட்கலாம். ஆனாலும் அந்த மீளாய்வு இல்லாவிட்டால், ஆறு மாதத்துக்கென்று வந்த பிள்ளை பத்து வருடம் இருந்துவிடும். 20ஆம் உறுப்புரை மொழியையும் மதத்தையும் வளர்ப்பின் தொடர்ச்சியையும் கவனிக்கச் சொல்கிறது. பூனாகலைப் பிள்ளையைத் தமிழ் பேசுவோர் இல்லாத இல்லத்தில் சேர்த்தால், விடுமுறைக்கு வரும்போது அம்மாயியிடம் பேச அதற்கு வார்த்தை இருக்காது.

பிறந்தநாள் சாப்பாடு கொடுக்கப் போகிறவர்களின் மனம் நல்லதுதான். ஆனால் யாரோ ஒருவருக்காக வரிசையில் நின்று பாடி, படத்துக்கு நிற்பது பிள்ளையின் வேலையல்ல. அந்தச் சாப்பாட்டுச் செலவில் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய்வர பஸ் காசு கொடுக்கலாம். அம்மா வந்து பார்க்கவும் கொடுக்கலாம்.

பதினெட்டு வயது ஆனதும் இல்லம் பிள்ளையை அனுப்பிவிடும். லயக் காம்பரா தோட்ட வேலையோடு சேர்ந்தது. அது அந்தப் பிள்ளையின் பேரில் இருக்காது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு அடையாள அட்டை எடுப்பதும் கடினம், வங்கிக் கணக்குத் திறப்பதும் கடினம். இவற்றைத் தேடும் வேலையைப் பிள்ளை இல்லத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். எந்த உறவுக்காரர் வீட்டுக்குப் பிள்ளை திரும்பலாம் என்ற விசாரணையும் அன்றைக்கே தொடங்க வேண்டும்.