குனிய மறுக்கும் முதுகு

மெரினா உழைப்பாளர் சிலையில் நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் நிறுவப்பட்டது. எவ்வளவு தாராளமாக வளைகின்றன அந்த உடம்புகள்! மயிலாப்பூரில் சிமெண்டு மூட்டை ஏற்றுகிற, தி.நகரில் லாரியிலிருந்து துணிமூட்டை இறக்குகிற, அடையாறில் குப்பைத் தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கிற நம் ஆட்களைப் பாருங்கள். பத்து வருஷம் இந்த வேலை பார்த்தவர்களில் பலருக்கு முதுகு அப்படி வளையாது. பலகை மாதிரி விறைப்பாக வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, மெதுவாக இறங்கி, மூச்சைப் பிடித்துத் தூக்குவார்கள். கேட்டால் 'இடுப்பு புடிச்சுக்கிச்சுபா' என்பார்கள். அதற்கு மேல் பேச நேரமில்லை.

வலியில்லாதவர் தரையிலிருந்து ஒன்றை எடுக்கக் குனியும்போது இடுப்புப் பகுதி முள்ளெலும்புகள் வளைந்து கொடுக்கின்றன. முழுதாகக் குனிந்த நிலையில் முதுகுத் தசைகள் சற்று வேலையை நிறுத்திவிடும். எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். 1950களிலேயே கண்டறிந்த விஷயம் இது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர் பலருக்கு அந்தச் சின்ன ஓய்வுகூடக் கிடைப்பதில்லை. தசைகள் இறுகியே கிடக்கின்றன. வளைவும் குறைகிறது, வேகமும் குறைகிறது. கொடுமை என்னவென்றால், வயிற்றுப் பக்கத் தசையும் முதுகுப் பக்கத் தசையும் சேர்ந்து இறுகும்போது முதுகெலும்பின் மேல் அழுத்தம் கூடுகிறது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாராஸ் குழுவினர் 2001இல் இதை அளந்தே காட்டினார்கள். தன்னைக் காத்துக்கொள்கிற முயற்சியே இன்னொரு மூட்டையாக மேலே ஏறுகிறது.

மேஸ்திரிக்கு இதெல்லாம் சோம்பல். 'இன்னா, நடிக்கிறியா?' என்பார். டாக்டரிடம் போனால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. பெரும்பாலான இடுப்பு வலிகள் படத்தில் பிடிபடாதவைதான். ஆகவே வலிக்கு ஒரே சாட்சி, வலிக்கிறவரின் வாய்ச்சொல். யாருடைய சொல் இந்தச் சமூகத்தில் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது என்று நமக்குத் தெரியாதா? ஆபீசர் 'முதுகு வலி' என்றால் லீவு. சித்தாள் சொன்னால் சாக்கு. அந்தப் பெண் கண்ணகி நகரிலிருந்தோ பெரும்பாக்கத்திலிருந்தோ, ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்ட இடத்திலிருந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள். வீடு திரும்பினால் தண்ணீர்க் குடம்.

துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நின்ற தலைமுறைகளுக்கு எதிராக நாம் நிமிர்வை அரசியலாக்கினோம். சரிதான். ஆனால் இந்த முதுகின் நிமிர்வு பயத்தில் வந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். முதுகு நிமிர்ந்திருப்பது மட்டுமா விடுதலை, வேண்டும்போது குனியவும் வேண்டாதபோது மறுக்கவும் முடிவதா? எனக்கு இரண்டாவதுதான் படுகிறது.

படித்தவர்களின் அறிவுரை ஒன்று இருக்கிறது: முதுகை நேராக வை, முழங்காலை மடக்கித் தூக்கு. வலிக்காரர் ஏற்கெனவே அப்படித்தானே தூக்குகிறார்! 2011இல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பதால் தொழிலாளர்களின் முதுகு வலி தடுக்கப்படுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த அறிவுரை வசதியானது. தப்பு தூக்கியவன் மேல் போய்விடும். தூக்கச் சொன்னவன் தப்பித்துக்கொள்வான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் ஓர் ஆண் தூக்கும் பாரத்துக்கு 55 கிலோ என்று வரம்பு சொன்னது. சிமெண்டு மூட்டை 50 கிலோ, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. எத்தனை மூட்டை, எத்தனை மாடி, எத்தனை வருஷம் என்பது அந்த எண்ணில் இல்லை. (சில அடுக்குமாடிகளில் 20 லிட்டர் தண்ணீர் கேன் கொண்டுவருகிறவர் லிப்டில் ஏறக்கூடாதாம்!)

2021இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. கேரளத்தில் 2018இலேயே வந்துவிட்டது. தி.நகரில் எத்தனை கடைகளில் பெண்கள் நிஜமாகவே உட்காருகிறார்கள் என்பது தனிக் கதை. இருந்தாலும், நின்றால் கால் வலிக்கும் என்கிற சாதாரண உண்மை சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. அதே கடையின் பின்வாசலில் மூட்டை இறக்குகிறவர் 'இன்னிக்கு முடியலபா' என்று சொல்லிவிட்டுக் கூலி போகாமல் வீட்டுக்குப் போக முடியுமா? கூலி உயர்வு கேட்கிற சங்கங்கள் இதையும் கேட்க வேண்டும்: மூட்டைக்கு எத்தனை ஆள், நடுவில் எவ்வளவு நேரம் ஓய்வு, முடியாது என்றால் யார் கூலி தருவது.