எதிராளியின் ஆறு நிமிடம்

ராக்கெட் லீக் என்பது கார்களை ஓட்டிக்கொண்டே கால்பந்து ஆடும் விளையாட்டு. பந்து கோலை நோக்கி வருகிறது. காக்க வேண்டியவர் ஒரு நொடி முந்திக் குதித்துவிடுகிறார்; பந்து காருக்கு அடியில் புகுந்து உள்ளே போய்விடுகிறது. உடனே திரையோரத்தில் எதிரணியிடமிருந்து ஒரு வரி: ‘வாட் எ சேவ்!’ அடுத்த நொடி மறுபடியும் அதே வரி. பிறகு இன்னொரு தடவை. பொத்தானைத் தட்டினாலே போகும்படி விளையாட்டை உருவாக்கியவர்களே எழுதி வைத்த பாராட்டு அது. கோலைத் தடுத்தவருக்குச் சொல்ல வேண்டியதைக் கோட்டைவிட்டவருக்குச் சொல்கிறார்கள். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. ரிப்போர்ட் செய்தாலும் எதைக் காட்டுவது?

நிறுவனங்கள் இதோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டுகின்றன. 2016-ல் வந்த ஓவர்வாட்ச்சில், ஜெயித்த மிதப்பில் ‘ஜிஜி ஈஸி’ (‘நல்ல ஆட்டம், சுலபமாக முடிந்தது’) என்று தட்டினால், அதற்குப் பதிலாகத் தட்டியவரையே அசடாகக் காட்டும் வாக்கியம் ஒன்று போய்ச் சேரும்படி செய்தார்கள். அதே வருடம் கிளாஷ் ராயலில் எதிராளி அனுப்பும் எமோட்களை, அதாவது பொம்மைச் சைகைகளை, மியூட் செய்யும் வசதி வந்தது. தோற்கிறவர் முன்னால் அந்த ராஜா பொம்மை சிரிக்கும் சிரிப்பைச் சகிக்க முடியாமல் ஆடுபவர்கள் கேட்டு வாங்கிய வசதி அது. 2021 அக்டோபரில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், எதிரணியோடு எழுதிப் பேசும் வழியையே மூடிப் பார்த்தது. இவற்றால் பயன் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பாராட்டையே வசையாக்கத் தெரிந்தவரை எந்த வடிகட்டியும் பிடிக்காது. ஆகவே கேள்வி ஆடுபவரிடமே திரும்பி வருகிறது: முகம் தெரியாத, இனி ஒருபோதும் சந்திக்கப்போகாத ஓர் எதிராளிக்கு அவர் செய்ய வேண்டியது என்ன?

‘கேம்தானே, இதில் என்ன மரியாதை?’ என்பது வழக்கமான பதில். அதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிஜிஎம்ஐ என்ற சுடும் விளையாட்டில் நூறு பேர் விமானத்திலிருந்து குதிக்கிறார்கள், கடைசியில் ஓர் அணி மிஞ்சுகிறது. மற்றவரின் தலையைக் குறிபார்த்துச் சுடுவதுதான் அங்கே வேலையே. சுடலாம், ஆனால் செத்தவர் விட்டுப்போன பெட்டி மேல் ஏறி நின்று டான்ஸ் எமோட் போடக் கூடாதா?

சுடப்படலாம் என்பதற்குச் சம்மதித்துத்தான் அந்த எதிராளி லாபிக்குள் வந்தார். பின்னாலிருந்து சுடலாம், மாடிப்படிக்கு மேலே நிமிடக்கணக்காகப் பதுங்கியும் இருக்கலாம். அவை அவருக்கு எரிச்சலூட்டினாலும் அவமரியாதை ஆகா. (பதுங்கி ஆடுகிறான் என்று எதிராளியின் குடும்பத்தையே இழுத்துத் திட்டுகிறவர்கள்தான் இங்கே தவறு செய்கிறவர்கள்.) தன் ஆட்டம் தோற்கடிக்கப்படலாம் என்பதற்கு அவர் சம்மதித்தார். தன் தாயையும் சாதியையும் மொழியையும் பேச்சில் இழுக்கலாம் என்று சம்மதிக்கவில்லை. தன்னைக் கேலிப்பொருளாக வைத்து விளையாடவும் சம்மதிக்கவில்லை.

கேலியே கூடாது என்பதல்ல. நான்கு நண்பர்கள் இரவு உட்கார்ந்து ஆடும்போது ‘டேய் நூப், உனக்கு எதுக்குடா ஸ்னைப்பர்’ என்று சொல்லிக்கொள்வதில் பாசம்தான் இருக்கிறது; எதைச் சொன்னால் அவனுக்கு வலிக்கும் என்பது நண்பனுக்குத் தெரியும். பக்கத்துத் தெரு அணியோடு கிரிக்கெட் ஆடி வாய்ச்சண்டை போட்டாலும், மறுநாள் அதே ஆளை டீக்கடையில் பார்த்தாக வேண்டும். அந்த மறுநாள் ஒன்றே பலரது நாக்கைக் கட்டிப்போட்டது. ஆன்லைனில் மறுநாள் கிடையாது. மேட்ச் முடிந்ததும் எதிராளி கரைந்துவிடுகிறார். அந்தப் பக்கம் இருப்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளையா, இரவுப் பணி முடித்து வந்த செவிலியரா, நோயில் படுத்திருக்கும் ஒருவரா என்பது தெரியாது. தெரியாது என்பதால் எதையும் சொல்லலாம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். தெரியாது என்பதாலேயே அளந்து பேச வேண்டும் என்பதுதான் சரி.

வாயால் செய்வதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஆன்லைன் செஸ்ஸில் ஆளுக்குப் பத்து நிமிட ஆட்டம். ஒருவர் கவனப்பிசகாக ராணியை இழந்துவிடுகிறார். அவர் கடிகாரத்தில் இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது. அதற்கு மேல் அவர் காயை நகர்த்துவதில்லை. தோல்வியை ஒப்புக்கொள்வதும் இல்லை. போனை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். ஜெயித்துக்கொண்டிருப்பவர், எந்த நொடியில் நகர்வு வருமோ என்று திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். சில சமயம் கடைசிப் பத்து நொடியில் ஒரு நகர்வு வரும், எதிராளி அலுத்துப்போய் வேறு பக்கம் போயிருப்பார் என்ற நம்பிக்கையில்.

விதிப்படி அந்த ஆறு நிமிடம் தோற்கிறவருடையதுதான். ஆனால் யோசிப்பதற்காக அவருக்குத் தரப்பட்ட நேரம் அது. அதை எதிராளியின் வாழ்விலிருந்து ஆறு நிமிடத்தைப் பிடுங்குவதற்குப் பயன்படுத்துகிறார். லிச்செஸ், செஸ்.காம் இரண்டுமே இதைக் கவனித்து எச்சரிக்கின்றன, தொடர்ந்தால் தடையும் போடுகின்றன. ஒரு வசவுச் சொல்லைக் கேட்ட காது மறந்துவிடலாம். போன நேரத்தைத் திருப்பித் தர முடியாது.

இதையே சாக்காக வைத்து, ‘ராணி போன பிறகும் ரிசைன் செய்யாமல் ஆடுவது மரியாதையில்லை’ என்று சிலர் கோபப்படுவதை ஏற்க முடியாது. கடைசிக் காய் வரை போராடுவது எவருக்கும் உள்ள உரிமை. ஜெயிப்பவர் ஜெயித்துக் காட்டட்டும். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக செஸ் பட்டத்துக்கான பதினான்காவது, கடைசி ஆட்டம் டிராவை நோக்கிப் போவதாகவே பார்த்தவர்கள் நினைத்தார்கள். குகேஷ் விடாமல் ஆடினார். 55-ஆவது நகர்வில் எதிரே ஆடிய டிங் லிரன் தவறு செய்தார். ஜெயித்த பதினெட்டு வயதுச் சென்னைப் பையன் கண்ணீரோடு உட்கார்ந்து காய்களைத் திரும்ப அதனதன் கட்டத்தில் அடுக்கினார். பிறகு பேசும்போது டிங்கை உண்மையான சாம்பியன் என்று போற்றினார். எதிராளி அவ்வளவு உறுதியாக நின்றதால்தான் அந்த வெற்றிக்கு அந்த மதிப்பு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படிப் பார்த்தால் ஸ்மர்ஃப் செய்பவர் தன் வெற்றியைத் தானே மதிப்பிழக்கச் செய்கிறார். உயர்ந்த ரேங்க்கில் இருப்பவர் புது அக்கவுண்ட் தொடங்கி, புதிதாக வந்தவர்களோடு மோதி அடித்து நொறுக்குவதற்குப் பெயர் ஸ்மர்ஃப். ஆட்டம் முடிந்து எவ்வளவு பணிவாக ‘ஜிஜி’ சொன்னாலும், தான் யார் என்பதைப் பற்றி எதிராளியிடம் பொய் சொல்லித்தான் அந்த ஆட்டத்துக்குள் வந்திருக்கிறார்.

இந்த அவமரியாதை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. 2015-ல் பிளாஸ் ஒன் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஹேலோ 3 ஆட்டங்களில் ஆண் குரலிலும் பெண் குரலிலும் முன்பே பதிவு செய்த பேச்சை ஒலிக்கவிட்டு, கூட ஆடிய ஆண்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்தார்கள். திறமை குறைந்த, மோசமாக ஆடிக்கொண்டிருந்த ஆண்கள்தான் பெண் குரலிடம் அதிகமாகச் சீறினார்கள். நன்றாக ஆடியவர்கள் நல்லவிதமாகப் பேசினார்கள். எதிராளியைப் பற்றிய பேச்சு இங்கே சொந்த அணிக்குள்ளேயே வந்துவிடுகிறது, ஏனென்றால் அந்தக் குரல் தன் அணியிலிருந்தே வந்தது. தோற்பதைத் தாங்கத் தெரியாதவர் கையில் கிடைத்தவர் மேல் இறக்கிவைக்கிறார்.

மியூட் செய்துகொள்ளுங்கள் என்ற அறிவுரை இங்கேதான் கைவிடுகிறது. பிஜிஎம்ஐயில் எதிரி எந்தக் கட்டிடத்தில் இருக்கிறான், யார் அடிபட்டு நாக் ஆகிக் கிடக்கிறார் என்பதெல்லாம் வாய்ஸில்தான் வரும். மைக்கை அணைத்துக் காதையும் அடைத்துக்கொண்ட பெண், மற்ற மூவருக்கும் கேட்பது தனக்குக் கேட்காமலேயே ஆட வேண்டியிருக்கிறது. தவறு செய்தவருக்கு ஆட்டம் முழுதாகக் கிடைக்கிறது, பொறுத்துப் போனவருக்குப் பாதிதான்.

முகம் தெரியாதவர்களுக்குள் நல்ல வழக்கம் உருவாகாது என்றும் இல்லை. 1998-ல் வந்த ஸ்டார்கிராஃப்ட் என்ற விளையாட்டு தென் கொரியாவில் தொலைக்காட்சியில் காட்டும் அளவுக்குப் பெரிய போட்டியாக வளர்ந்தது. அங்கே தோற்கிறவர் ‘ஜிஜி’ என்று தட்டிவிட்டு வெளியேறுவார். ஜெயிக்கிறவர் அதை முந்திக்கொண்டு சொன்னால் அநாகரிகம். ஆட்டம் முடிந்துவிட்டது என்று அறிவிப்பது தோற்பவரின் உரிமை. எந்த நிறுவனமும் விதியாக எழுதித் தந்த வழக்கம் அல்ல இது. ஆடியவர்களே ஏற்படுத்தி, புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பரப்பியது.

அப்படிச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். ஓர் அணியில் ஒருவர் மைக்கில் எதிரணிப் பையனை அசிங்கமாகத் திட்டும்போது மற்ற மூவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரேங்க் ஏற வேண்டும், நான்கு பேர் தேவை, ஆகவே வாயைத் திறப்பதில்லை. அவர்கள் கையிலும் ரிப்போர்ட் பொத்தான் இருக்கிறது. அடுத்த மேட்சுக்கு அந்த ஆளைக் கூப்பிடாமல் இருக்கலாம். அதைவிடச் சுலபமாக, ‘விடுடா, அவன் நல்லாத்தான் ஆடினான்’ என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அந்த மூவரில் ஒருவராவது அதைச் சொல்லக் கடமைப்பட்டவர்.