கொடுத்தவன் அறியாத கொடை

ஒருவரிடம் நாம் காணும் சிறப்பில் எவ்வளவு அவரது சொந்தச் சம்பாத்தியம், எவ்வளவு பிறரிடமிருந்து வந்து சேர்ந்தது? மனிதர்களிடையே இக்கணக்கைப் பார்ப்பது எளிதல்ல. ஆனால் சில நட்சத்திரங்களின் விடயத்தில் வானியலாளர் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஐதரசன், ஈலியம் தவிர்ந்த மூலகங்கள் அனைத்தையும் 'உலோகம்' என்றே அழைப்பது அவர்களது வழக்கம். பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் இவை அநேகமாக இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நட்சத்திரங்கள் எரிந்து மாண்டதால் பெருகியவை. ஆகவே உலோகம் குறைந்த நட்சத்திரங்கள் பெரும்பாலும் மிகப் பழையவை. இந்த ஏழைகள் சிலரிடம் காபன் மட்டும் மிதமிஞ்சிக் கிடக்கிறது. இப்படியான ஒரு வகையை 1942இல் அமெரிக்க வானியலாளர் பிலிப் கீனன் நிறமாலையைக் கொண்டு இனங்கண்டார்.

புதிர் என்னவென்றால், தம்முள் காபனை உருவாக்கி மேற்பரப்புக்குக் கொண்டுவரும் முதிர்ந்த பருவத்தை அவை எட்டியிருக்கவில்லை. 1984இல் கனடாவில் ரொபேர்ட் மக்ளூர் விடையைக் கண்டார். இவை தனியாக இல்லை, துணையொன்றுடன் சுற்றுகின்றன. அத்துணை முன்னொரு காலத்தில் பெரிதாயிருந்து, முந்தி முதிர்ந்து, காபனையும் பேரியத்தையும் ஆக்கி, தன் மேலுறையைக் காற்றாக இழந்தது. அதில் ஒரு பகுதி அயலவன்மீது படிந்தது. கொடுத்தவன் இன்று மங்கிய வெண்குள்ளன். கண்ணுக்குப் புலப்படாத அவனைக் காட்டிக்கொடுத்தது பெற்றவனின் ஊசலாட்டமே.

பிறப்பிலேயே பெற்றவையும் உண்டு. அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தினர் 2014இல் அறிவித்த நட்சத்திரமொன்றில், சூரியனிலுள்ள இரும்பில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் காபன் இருந்தது. முதல் தலைமுறை நட்சத்திரமொன்று வலுக்குறைந்து வெடித்தபோது இரும்பு உள்ளேயே விழுந்து கருந்துளைக்குள் போய்விட, காபன் போன்ற இலேசானவை வெளியேறி இதன் பிறப்புக்கு உதவின என்று அவர்கள் விளக்குகிறார்கள்.

இவ்விரு கொடையாளருக்கும் கொடுக்கும் எண்ணம் இருந்ததில்லை. எண்ணமின்றி வந்த நன்மைக்கு நன்றிக்கடன் உண்டா? இல்லை என்போர் உளர். நன்றி என்பது நல்லெண்ணத்துக்கான பதில் என்பது அவர்களது வாதம். ஆனால் தன் வீட்டுத் தேவைக்குக் கிணறு வெட்டியவர் போய்ச் சேர்ந்த பிறகும் ஊரே அதில் தண்ணீர் அள்ளுகிறது. அவர் நம்மை நினைத்து வெட்டவில்லை என்பதற்காக, "இது நான் வெட்டிய கிணறு" என்று சொல்லிவிட முடியுமா? நாம் எழுதும் மொழியும் இத்தகையதுதான். யாரோ தம் வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் பேசிப் பேசிப் பழக்கிய சொற்கள், நம் பெயரின் கீழ் அச்சாகின்றன. நோக்கமில்லாத கொடைக்கு வாழ்த்து வேண்டாமாக இருக்கலாம். உண்மை வேண்டும். என்னுடையதல்லாததை என்னுடையது என்று சொல்லாதிருப்பதே அந்தக் கடன்.

அப்படியானால் நம்முடையது என்று எதுவுமே இல்லையா என்ற கேள்வி நியாயமானது. அந்த நட்சத்திரத்தின் ஒளி அதன் உள்ளே எரியும் நெருப்பிலிருந்து வருவது. அதை வேறெவரும் கொடுக்கவில்லை. காபன் மூலக்கூறுகள் நீலத்தை விழுங்குவதால் அந்த ஒளிக்கு ஏறும் செம்மைதான் பெற்றுக்கொண்டது. எரிவதும் உண்மை, பெற்றதும் உண்மை. முன்னதைச் சொல்லும்போது நமக்குக் குரல் உயர்கிறது. பின்னதையும் அதே குரலில் சொல்லப் பழக வேண்டியிருக்கிறது.