விலைகொடுத்து மீட்டல் அறமாகுமா?

வாயில்லா உயிரொன்று துன்புறக் கண்டவிடத்து அதனைப் பொருள்கொடுத்து மீட்பது அறமென்பதில் ஐயமுண்டோ? சில திங்களுக்குமுன் இவ்வினாவை ஒருவர் நம்மிடம் கேட்டபோது ஐயமில்லையென்றே விடை கூறினோம். கேட்டவன் மேல்வகுப்பு மாணவனொருவன். அமெரிக்காவிலே நாய்களை ஏலங்கூறி விற்குமிடத்தில் இரக்கமுடையோர் சிலர் அவற்றை விலைக்கு வாங்கி விடுவிக்கும் காட்சியைத் தன் தமையனுடைய கைத்தொலைபேசியிற் கண்டுவந்து, "ஐயா, இது புண்ணியந்தானே?" என்றான். கொலைக்களத்துக்குப் போகும் பசுவை விலைகொடுத்து மீட்போரை நம் நாட்டிற் போற்றுவதை எடுத்துக்காட்டி, "ஆம், பெரும்புண்ணியம்" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தோம். அன்றிரவே அவ்விடை நம்மை உறுத்தத் தொடங்கிற்று. அவ்வேலத்தின் வரலாற்றை ஆராய்ந்தபின், அஃது ஆராயாது விரைந்து கூறிய விடையென்பது தெளிவாயிற்று. ஆசிரியர் தாம் பிழைபடக் கூறியதைத் திருத்தாது விடுதல் தகாதாகலின், அதனை ஈண்டு எழுதுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, இரண்டாம் உலகப்போரின் பின், நடுமேற்குப் பகுதி உழவர் பலர் பயிரால் வரும் வருவாய் போதாமையால் நாய்க்குட்டிகளைப் பெருக்கி நகரத்துக் கடைகளுக்கு விற்கத் தலைப்பட்டனர். கோழிக்கும் முயலுக்கும் கட்டிய கூடுகள் நாய்களுக்கு உறையுளாயின. மிசூரி, அயோவா, கன்சாஸ் முதலிய மாநிலங்களில் அது பெருந்தொழிலாய் வேரூன்றிற்று. பெட்டை நாய் ஆண்டுக்கு ஏறக்குறைய இருமுறை கருக்கொள்ளும் பருவத்தை எய்தும். சினை முதிரும் காலம் 63 நாள். குட்டிகள் எட்டு வாரத்தில் விலையாகும். இக்கணக்கை இடைவிடாது நடத்துமிடத்தையே அந்நாட்டு மக்கள் 'குட்டி ஆலை' என்று இகழ்ந்து வழங்குவர். பெயர் பொருத்தமானதே. கடையிலே கண்ணாடிக்குப் பின்னே துள்ளும் குட்டியை வாங்குவோன் காண்கின்றான். அதனை ஈன்ற தாயை அவன் ஒருபொழுதும் காண்பதில்லை. குட்டியின் சிறை சில வாரத்தில் ஒழியலாம். தாய்க்கோ அக்கூடே உலகம்.

இத்தொழில் சட்டத்துக்கு அஞ்சி மறைவிடத்தில் நடப்பதென்று எண்ணற்க. 1965 ஆம் ஆண்டிலே பென்சில்வேனியாவிற் காணாமற்போன பெப்பர் என்னும் டல்மேசியன் நாயொன்று நியூயோர்க் வைத்தியசாலையொன்றின் ஆராய்ச்சிக்கூடத்தில் இறந்த செய்தி அந்நாட்டினரைக் கலக்கிற்று. அக்கலக்கத்திற் பிறந்த சட்டத்தில் 1966 இல் சனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்டார். முதலில் ஆராய்ச்சிக்கூடங்களைக் கருதி எழுந்த அச்சட்டம் 1970 இல் விரிக்கப்பட்டு, குட்டிகளை மொத்தமாய் விற்போரையும் தழுவிற்று. ஆகவே இன்று பெருவளர்ப்போர் அரசினரிடம் உரிமைப்பத்திரம் பெற்றே தொழில் நடத்துகின்றனர். அச்சட்டத்தின்வழி எழுந்த விதி நாய்க்கு அளந்த இடம் எவ்வளவு? கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கலாம். மூக்குநுனி தொடங்கி வாலின் அடிவரை உள்ள நீளத்தோடு 6 அங்குலம் கூட்டி, வந்த தொகையை அதனாலேயே பெருக்கி, 144 ஆற் பிரித்தால் வருவது கூட்டின் தரைப்பரப்பு, சதுர அடியில். 24 அங்குல நாய்க்கு 30 ஐ 30 ஆற் பெருக்க 900. பிரிக்க ஆறேகால் சதுர அடி. பக்கத்துக்கு இரண்டரை அடி. தலைக்குமேல் 6 அங்குல வெளி. தரை கம்பியாயிருப்பினும் குறித்த பருமனுடையதாயின் தடையில்லை. இது விதியை மீறிய கொடியவனின் கூடன்று. விதிக்கு அடங்கி நடக்கின்றவன் கட்டக்கூடிய கூடு. இவ்விடத்தில் ஒரு நாய் ஐந்தாண்டு, ஆறாண்டு ஈன்றுகொண்டிருப்பினும், உரிமைப்பத்திரத்துக்கு அதனாலே இழுக்கில்லை. சட்டம் ஒன்றைத் தடுக்கவில்லையாயின் அது நன்றென்று கருதிவிடும் பழக்கம் நம் மாணவரிடத்தும் உண்டு, நம்மிடத்தும் உண்டு.

இனி ஏலத்துக்கு வருவோம். தொழிலை விடுவோரும், நாய்களைக் குறைக்கக் கருதுவோரும் அவற்றைக் கொணர்ந்து ஏலத்தில் விடுவர். கழுத்தில் இலக்கத்தோடு நாய் மேசைமேல் ஏற்றப்படும். ஏலங்கூறுவோன் அதன் இனத்தையும் வயதையும் கூறுவான். சினையுற்றிருப்பின் அதனையும் கூறுவான். கூறின் விலை ஏறும். வாங்க வருவோர் பெரும்பாலும் வேறு வளர்ப்போர். அவர்களோடு ஒரே வரிசையில் அமர்ந்து விலை கேட்போராய், நாய்களை மீட்டு நல்லில்லத்திற் சேர்க்கக் கருதிய சங்கத்தாரும் வருகின்றனர். 2018 இலே வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை இதனை ஆராய்ந்து வெளியிட்டது. மிசூரி மாநிலத்தில் நடந்த இரண்டு ஏலங்களில், 2009 தொடங்கி, மீட்புச் சங்கங்களும் காப்பகங்களுமாகிய 86 கூட்டத்தார் 5,761 நாய்களை வாங்கினரென்றும், அதற்காக 26 இலட்சத்து 80 ஆயிரம் டொலர் செலவிட்டனரென்றும் அது கணக்குக் காட்டிற்று. வகுத்துப் பார்த்தால் நாயொன்றுக்கு ஏறத்தாழ 465 டொலர். அப்பணத்தின் பெரும்பங்கு இரக்கமுடையோர் நன்கொடையாகத் தந்தது. நம் மாணவன் கண்ட காட்சி இத்தகையதே.

வாங்கினோரின் வாதத்தை இகழ்ந்து தள்ளுதல் கூடாது. "நாங்கள் வாங்காவிடின் இந்நாயை மற்றொரு வளர்ப்போன் வாங்குவான், இது மீண்டும் கம்பித்தரையில் ஈனும். நாங்கள் வாங்கினால் இதன் சிறை இன்றோடு தீர்கின்றது" என்பது அவர் கூற்று. மேசைமேல் நடுங்கி நிற்கும் அந்நாயை நோக்கினால் இதற்கு மறுமொழி இல்லை.

நாம் மிசன் பள்ளிக்கூடத்திற் படித்த காலத்தில், ஆங்கில ஆசிரியரொருவர் பிரெடரிக் டக்ளஸ் என்பாரின் வரலாற்றைக் கூறக் கேட்டதுண்டு. மேரிலாந்திலே அடிமையாய்ப் பிறந்து 1838 இல் தப்பியோடிய அவர், 1845 இலே தம் வரலாற்றை வெளியிட்டபின், பிடிபடுவோமென்னும் அச்சத்தாற் பிரித்தானியாவுக்குச் சென்றார். அங்கே அவருடைய நண்பர்கள் 1846 இல் 150 பவுண் திரட்டி, உரிமை கொண்டாடியவனுக்குக் கொடுத்து அவர் விடுதலையை வாங்கினர். அடிமைத்தொழிலை எதிர்த்தோருள்ளேயே சிலர் இதனைக் கண்டித்தனர்: மனிதனுக்கு விலை கொடுத்தல் மனிதன் விலைப்பொருளென்று ஒப்புதலன்றோ என்றனர். டக்ளஸ் விடையிறுத்தார். அடிமைப்படுத்த வாங்குதல் வேறு, அடிமை நீக்க வாங்குதல் வேறு என்பது அவர் விடையின் சாரம். அவர் சொன்னதே நேரிதென்று அன்றும் எண்ணினோம், இன்றும் எண்ணுகின்றோம். மனிதரையும் நாயையும் ஒருநிரையில் வைக்கின்றோமென்று யாரும் கொள்ளற்க. இங்கே ஒப்பது வாதமே.

அங்ஙனமாயின் டக்ளஸுக்குப் பொருந்திய நீதி இந்நாய்க்கும் பொருந்தாதோ? இங்கேதான் நாம் தடுக்கிவிழுந்தோம். டக்ளஸுக்குக் கொடுத்த 150 பவுண் ஒருமுறை கொடுத்தது. அதனை நம்பி, அவரைப் போன்ற மற்றொருவரை ஆக்கி இங்கிலாந்து நண்பர்க்கு விற்போமென்று அவ்வுரிமையாளன் கருதவில்லை, கருதவும் இயலாது. நாயேலமோ மீண்டும் மீண்டும் கூடுகின்றது. இன்று 465 டொலர் பெற்றவன் வெறுங்கூட்டை நோக்கியபடி இருப்பவனல்லன். பெட்டை நாயொன்று அங்கே வந்து சேரும். 63 நாளில் ஈனும். இரங்குவோர் ஏலந்தோறும் தப்பாது வருவரென்று தெரிந்தவிடத்து, முதிர்ந்து பயனற்ற நாயும் அவனுக்கு ஒரு முதலாகின்றது. அதனை வளர்த்த செலவும் மீள்கின்றது. கையில் விழுந்த காசு அருளாளன் தந்ததோ ஆசைக்காரன் தந்ததோ என்று விற்பவன் பிரித்து வைப்பதில்லை. திருவள்ளுவர் புலான்மறுத்தலிலே கொல்வோனோடு நில்லாது, விலைகொடுத்துக் கொள்வோனையும் பழிக்குள் வைத்த நியாயம் இதுவே. தின்ன வாங்குவோனை நோக்கி அவர் சொன்னது, விடுவிக்க வாங்குவோனையும் எட்டுமென்பதை நாம் முன்னர் நினைத்ததில்லை. மீட்டெடுத்த நாய் கண்ணுக்குத் தெரிகின்றது; அதன் இடத்துக்கு வரும் நாய் தெரிவதில்லை. பிறவாத உயிருக்காக வாதாட ஒருவரும் ஏலத்துக்குச் செல்வதில்லை.

ஆகவே வாயிலை அடைக்கவேண்டியது விற்பனையின் மறுமுனையிலாம். மிசூரி மக்கள் 2010 இல் வாக்களித்து, ஒருவர் 50 இற்கு மேற்பட்ட வளர்ப்பு நாய்களை வைத்திருத்தலாகாதென்று சட்டமியற்றினர். அது நடைமுறைக்கு வருமுன்னரே, 2011 இல், அம்மாநிலச் சட்டசபை அவ்வெல்லையை நீக்கிற்று. மக்கள் வாக்கின் கதி அது. கலிபோர்னியா வேறுவழி சென்றது. அங்கே 2019 இல், காப்பகங்களிலிருந்தும் மீட்புச் சங்கங்களிலிருந்தும் வந்த நாய்களையன்றிப் பிறவற்றைக் கடைகள் விற்றலாகாதென்னும் விதி நடைமுறைக்கு வந்தது. நியூயோர்க் மாநிலம் 2024 இறுதியில் கடைகளில் நாய் விற்பதையே நிறுத்திற்று. இங்கிலாந்திலே 2020 ஏப்பிரல் தொடங்கி, வளர்த்தவனையன்றி இடைத்தரகன் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை விற்றலாகாது. ஆதலாற் குட்டியை வாங்கச் செல்வோன் தாயைக் காணவேண்டியவனாகின்றான். வேல்ஸ் நாட்டுக் குட்டிப்பண்ணையொன்றிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்னும் நாயின் பெயரால் அச்சட்டத்தை வழங்குகின்றனர். இச்சட்டங்களுக்கும் ஓட்டைகள் உண்டு. ஆயினும் தாயைக் காணச் செய்தலாகிய அவ்வொரு விதி, ஆறேகால் சதுர அடி விதியினும் அறிவுடையதென்பது நம் கருத்து.

மறுவாரம் வகுப்பில், முன்னர் கூறிய விடை பிழையென்று சொல்லி, மேற்கண்ட நியாயங்களை விரித்தோம். அம்மாணவன் கேட்டுக்கொண்டிருந்து, "அப்படியெனில் மேசைமேல் நின்ற அந்நாயை என்ன செய்வது, ஐயா?" என்றான். பின்வரிசையிலிருந்து மற்றொருவன், தருமபுத்திரர் நாயை விட்டுச் சுவர்க்கம் புகேனென்றாரே என்று துணைக்கு வந்தான். தருமபுத்திரரிடம் அந்நாய்க்கு எவரும் விலை கேட்கவில்லையென்று விடைகூறினோம். வகுப்புச் சிரித்தது, வினா அப்படியே நின்றது.

முடிவில் நாம் கூறியது இது. தற்செயலாய் அங்கே நின்று, அவ்வொரு நாயைக் கண்டு ஆற்றாது, தன் கைப்பொருளால் வாங்கித் தன் வீட்டில் வைத்துக் காப்பவனை நாம் பழிக்கமாட்டோம். நன்கொடை திரட்டி, ஏலந்தோறும் இருக்கை பிடித்து, விலையேற்றி வாங்குவதையே தொண்டாகக் கொண்ட சங்கத்தாரை, அவர் நெஞ்சம் எத்துணைத் தூயதாயினும், அவ்வேலத்தின் வாடிக்கையாளரென்றே எண்ணுவோம். அப்பொருளைக் கடைவாயிலை அடைக்கும் முயற்சிக்கும், தெருவில் விடப்பட்ட நாய்களைக் காக்கும் இல்லங்களுக்கும் கொடுத்தல் நன்று. மாணவன் இதற்கு உடன்பட்டானென்று சொல்லமாட்டோம். அந்நாயின் இலக்கம் இன்னதென்று தனக்கு நினைவிருப்பதாக மட்டும் சொன்னான்.