விளிம்பு யாருடையது?

ஒரு பொருளின் அகலத்தை அளப்பதற்கு முன்னரே அப்பொருள் எங்கே முடிகிறது என்பது தீர்ந்திருக்க வேண்டும். அளவுகோல் அக்கேள்விக்கு விடை தருவதில்லை, விடை கிடைத்த பிறகே அதற்கு வேலை வருகிறது. எல்லை என்பது ஒன்றின் முடிவிடம் என்றும், கோட்டுக்கு நீளம் உண்டேயன்றி அகலம் இல்லை என்றும் வரையறுத்துக்கொண்ட யூக்ளிட் இச்சிக்கலுக்கு இடம் வைக்கவில்லை. தடிமனற்ற எல்லையை எந்தப் பக்கத்தோடு சேர்த்தாலும் அளவு மாறாது. ஆயினும் அது யாருடையது என்ற கேள்வி அதனால் மறைந்துவிடவில்லை என்பதை அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்ல்ஸ் சாண்டர்ஸ் பர்ஸ் காட்டினார்: வெள்ளைத் தாளில் விழுந்த மைக்கறையின் விளிம்புக்கோடு கறுப்பா, வெள்ளையா?

இக்கேள்வி வெறும் கணக்காக உருமாறிய இடங்களுள் ஒன்று, இணையப் பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். மொழி. 1996 டிசம்பரில் பரிந்துரையாக வெளிவந்த அதன் முதல் பதிப்பிலிருந்தே பக்கத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு பெட்டியாகக் கருதப்படுகிறது: நடுவே உள்ளடக்கம், அதைச் சுற்றிப் பேடிங் எனப்படும் உள்வெளி, அதற்கு அப்பால் பார்டர் எனும் கரை, கடைசியாகப் பக்கத்துப் பெட்டியைத் தள்ளி நிறுத்தும் மார்ஜின். இங்கே கரைக்குத் தடிமன் உண்டு. யூக்ளிட் தப்பித்த வழி இம்மொழிக்கு அடைபட்டுவிட்டது. அகலம் 300 பிக்சல், இருபுறமும் உள்வெளி 20, கரை 5 என்று எழுதினால், மொழியின் இயல்பான விதி அந்த 300-ஐ உள்ளடக்கத்துக்கு மட்டும் உரியதாகக் கொள்வதால், பெட்டி திரையில் 350 பிக்சலை அடைத்துக்கொள்கிறது. விண்டோஸில் இயங்கிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் 5ஆம் பதிப்பு அதே 300-ஐக் கரையின் வெளிவிளிம்புவரை எண்ணி, உள்ளடக்கத்துக்கு 250-ஐ மட்டும் விட்டது. தரத்தை மீறிய பிழை என்று அது கண்டிக்கப்பட்டது நியாயமே. ஆனால் அதே எண்ணும் முறை பின்னாளில் பாக்ஸ்-சைசிங் என்ற பண்பின் வழியாக, பார்டர்-பாக்ஸ் என்ற பெயரில், மொழிக்குள்ளேயே இடம்பெற்றதுடன், பலரும் விரும்பிக் கையாளும் வழக்கமாகவும் ஆயிற்று.

இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு கூட்டல் கழித்தலோடு நிற்பதில்லை. முதல் முறையில் பொருள் என்பது அதன் உள்ளீடு. மற்றவையெல்லாம் அதன்மேல் போர்த்தப்பட்டவை, ஆகவே போர்வை தடித்தால் அண்டை வீட்டார் நகர வேண்டும். இரண்டாவதில் பொருள் என்பது அது நிரப்பும் இடம். கரை தடித்தால் உள்ளீடு சுருங்கும், அண்டையாருக்குத் தொல்லையில்லை. உள்ளிருக்கும் பொருளைச் சூழ்ந்து நிற்பதன் அக எல்லையே அப்பொருளின் இடம் என்று அரிஸ்டாட்டில் தம் இயற்பியல் நூலின் 4ஆம் பகுதியில் கூறியதற்கு இரண்டாவது முறையே நெருக்கமானது. ஆனால் இடத்தை முதன்மையாக்கும் இந்த ஆணைக்கும் ஒரு வரம்பு உண்டு: அகலம் 30 என்று விதித்து, முன்சொன்ன உள்வெளியையும் கரையையும் அப்படியே வைத்தால், உள்ளடக்கம் சுழியத்துக்குக் கீழே இறங்க இயலாமையால், பெட்டி விதியை மீறி 50 பிக்சலாக நிற்கும்.

இன்னும் வியப்பானது, மொழி தன்னோடு தானே முரண்படுவது. இன்றுள்ள இயல்பு விதிப்படி ஒரு பெட்டியின் பின்னணி நிறம் கரையின் அடியிலும் பரவுகிறது. கரையைக் கோட்டுத் துண்டுகளாக வரையச் செய்தால், துண்டுகளின் இடைவெளியில் பெட்டியின் நிறமே தெரியும். பர்ஸின் கேள்விக்கு நிறம் தரும் விடை, கரை பொருளைச் சேர்ந்தது என்பது. அகலம் தரும் விடை, சேர்ந்ததன்று என்பது. இரண்டும் ஒரே மொழியின் இயல்பு விதிகள். இதனிடையே அவுட்லைன் என்ற மூன்றாவது ஒன்றும் உண்டு: கண்ணுக்குத் தடிமனாகத் தெரிந்தாலும் அது எந்த இடத்தையும் அடைப்பதில்லை, பெட்டியின் அளவை மாற்றுவதுமில்லை, அண்டையாரை நகர்த்துவதுமில்லை. யூக்ளிடின் கோடு, சாயம் மட்டும் பூசிக்கொண்டு, திரையில் அப்படியே வந்து நிற்கிறது.